51.0

2021 டிசம்பர், இரண்டாவது வாரம். கொரோனாவுக்குப் பிறகு அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. சுருளிப்பட்டியில் அப்பா வீட்டிலிருந்துதான் வேலை. லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் ஓட்டை இருக்கிறது என்று உலகம் முழுக்க அலறிக்கொண்டிருந்த வாரம் அது. லாக் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு மென்பொருள் தனக்கு நடப்பதைத் தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பு. அதில் பதிவாகும்படி வெளியாள் ஒருவர் ஒரு குறிப்பிட்ட வரியை அனுப்பினால், அந்த வரியே எங்கிருந்தோ நிரலைக் கூட்டிவந்து நம் சர்வருக்குள் ஓடவிடும். கேட்பதற்கு பில்லி சூனியம் மாதிரி இருக்கும். நிஜம்.

எனக்குக் கொடுத்த வேலை எளிமையானது: எங்கள் சர்வர்களில் அந்த நூலகம் எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடி. இரண்டு ராத்திரி போயிருந்தது.

லினக்ஸில் பொதுவாக இது இவ்வளவு பாடு கிடையாது. டெபியன் குடும்பத்தில் எல்லாமே பொதிகளாக வரும். பேக்கேஜ் என்பதற்கு தமிழ் கணிமைக்காரர்கள் வைத்த பெயர் பொதி. எங்கள் பக்கம் பொதி என்றால் கழுதை மேல் ஏற்றி மலைக்கு அனுப்புவது. நல்ல பெயர்தான். எந்தப் பொதி எந்தப் பதிப்பு, எதன் மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்று சிஸ்டம் கணக்கு வைத்திருக்கும். ஓட்டை என்றால் சரிசெய்த பொதி வரும், ஒரு கட்டளை, முடிந்தது. ஆனால் ஜாவாக்காரர்கள் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொந்தமாகச் சோறு கட்டிக்கொண்டு போகிற ரகம். தேவையான ஜார் கோப்புகளை எல்லாம் தங்கள் மென்பொருளுக்குள்ளேயே அடைத்துக்கொள்வார்கள். ஜாருக்குள் ஜார், அதற்குள் இன்னொரு ஜார். சிஸ்டத்தின் கணக்கில் அது எதுவுமே ஏறியிருக்காது.

மணி ஒன்று இருக்கும். தங்கச்சி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். போடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், பிள்ளையோடு நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள்.

“என்னண்ணே, இன்னும் தூங்கலையா?”

“ஒரு ஜார் ஃபைல் தேடிக்கிட்டு இருக்கேன் பாப்பா.”

“எங்க இருக்குன்னு தெரியாதா?”

“எங்கெங்க இருக்குன்னு தெரியாது.”

“போட்டவங்க எழுதி வைக்கலையாண்ணே?”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, “நீயுந்தான எழுதி வைக்கல” என்றாள்.

எனக்கு உடனே பிடிபடவில்லை.

*

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அடுத்த வருடம் தங்கச்சிக்கு ஒன்று வந்தது. அப்போது அவள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். நான் பொறியியல் படித்த நாலு வருடமும் லேப் மெஷினிலும் நண்பனின் மெஷினிலும் ஓட்டியவன். அந்த லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியன் வழி வந்த இந்திய லினக்ஸ். நான் பார்த்தவரை ஊரில் பாதிப் பேர் லேப்டாப்பை வாங்கிய வாரமே கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டார்கள். படம் பார்க்க இடம் வேண்டும் இல்லையா. தங்கச்சி அழிக்கவில்லை. அண்ணன் லினக்ஸ்தான் நல்லது என்று சொல்லியிருந்தான்.

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு அவள் எடுத்தது அப்பாவின் திராட்சைத் தோட்டம். கவாத்துப் பண்ணிய தேதியைக் கொடுத்தால் மருந்தடிக்க வேண்டிய நாட்கள், ஆள் கூலி, உத்தேச அறுவடைத் தேதி எல்லாம் வரும். பன்னீர் திராட்சைக்குக் கவாத்திலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய நாலு மாதம். பந்தல் பந்தலாக வேறு வேறு தேதியில் வெட்டுவதால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கப் பழம் கிடைக்கிறது. அந்தத் தேதிகளை அப்பா நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்துத் தொலைப்பார். அவள் கூடப் படித்தவர்கள் நூலக மேலாண்மை, மாணவர் மதிப்பெண் என்று வழிவழியாக வரும் புராஜெக்டுகளைச் செய்துகொண்டிருந்தபோது இவள் ஜாவாவில், ஸ்விங்கில், உட்கார்ந்து தானே எழுதினாள்.

லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் திறந்தார்களே, 2013 பொங்கல், அப்போது நான் ஊரில் இருந்தேன். ஊரில் பாதி லோயர் கேம்புக்குப் போயிருந்தது. நான் வீட்டில் உட்கார்ந்து தங்கச்சிக்கு ஜாவா போட்டுக் கொடுத்தேன்.

எப்படிப் போட்டேன் என்பதுதான் விஷயம். முறையான வழி ஏப்ட். அந்தக் கட்டளை பொதிக்கிடங்கிலிருந்து ஓப்பன்ஜேடிகே 6-ஐ இறக்கி, அதற்குத் தேவையானதையும் சேர்த்து இறக்கி, கணக்கிலும் ஏற்றிவிடும். வீட்டில் இணையம் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று என் திமிர். ஜாவா 7 வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, நான் வேலை செய்த இடத்தில் அதைத்தான் பேசுவார்கள். 6 எல்லாம் பழசு. ஆனால் ஆரக்கிளின் ஜாவா 7-ஐப் பொதிக்கிடங்கில் எதிர்பார்க்க முடியாது. லினக்ஸ்காரர்கள் தங்கள் பொதிகளில் சேர்த்துக்கொள்ள சன் நிறுவனம் 2006-ல் கொடுத்திருந்த உரிமத்தை, சன்னை வாங்கிய ஆரக்கிள் 2011 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. லேப்டாப் திட்டம் தொடங்குவதற்கு முந்தைய மாதம். இனி ஓப்பன்ஜேடிகேதான் ஆதாரம், அதைப் பொதி கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். நியாயமாகப் பார்த்தால் சுதந்திர மென்பொருளுக்கு நல்லதே நடந்தது. என்னைப் போன்றவர்கள்தான் ஆரக்கிள் தளத்திலிருந்து நேரடியாக இறக்கி, பென் டிரைவில் போட்டு, கையால் விரித்தோம்.

விரித்த இடம் ஆப்ட் அடைவு. கணக்கில் வராத சாமான்களைப் போட்டு வைக்கிற இடம். ஏப்ட், ஆப்ட். தமிழில் எழுதினால் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அப்பாவின் பாஷையில் சொன்னால் ஒன்று பட்டாவில் ஏறிய நிலம், இன்னொன்று வாய்ப்பேச்சில் வாங்கியது. அவளுடைய பாஷ் கோப்பில் ரெண்டு வரி சேர்த்தேன், ஜாவா என்று அடித்தால் என்னுடையது ஓடும்படி. ஓடியது. “போட்டாச்சு பாப்பா” என்றேன். என்ன போட்டேன், எங்கே போட்டேன், ஏன் அங்கே போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கேட்டாளா என்றும் ஞாபகமில்லை. அண்ணன் ராத்திரி பஸ் பிடிக்க வேண்டும். மதுரை-போடி பாதை அகலப்படுத்துகிறேன் என்று 2010 கடைசியில் மூடிப்போட்டிருந்த காலம், ரயில் எல்லாம் கிடையாது.

இவ்வளவுக்கும் எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. நான் படித்தபோது எங்கள் லேபில் பெடோரா. ஜாவா என்று அடித்தால் சன் ஜாவா வராது, குனூவின் ஜிஐஜே வரும். பெயர் ஒன்று, உள்ளே ஆள் வேறு. சாதாரண புரோகிராம் ஓடும். ஜன்னல், பட்டன் என்று போனால் கோணல்மாணலாக நிற்கும். ஒரு முழு செமஸ்டர் என் நிரலில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சீனியர் வந்து மாற்றுப் பட்டியல் கட்டளையைக் காட்டினார்: ஒரே மெஷினில் நாலு ஜாவா இருக்கலாம், அவற்றில் எது ஜாவா என்ற பெயருக்கு உரியது என்று தீர்மானிப்பது நடுவில் இருக்கும் ஒரு சங்கிலி இணைப்பு. வாய்க்காலில் மடையைத் திருப்பிவிடுகிற மாதிரி, தண்ணீர் அதேதான், போகிற வயல் வேறு. அன்றைக்கு எனக்குக் கண் திறந்தது. அதே சீனியராகத் தங்கச்சிக்கு நான் இருந்திருக்கலாம்.

*

2013 மார்ச்சில் அவளுக்கு புராஜெக்ட் வைவா. லேப்டாப்பில் காட்ட முடியாது, கல்லூரி லேப் மெஷினில்தான் ஓட்ட வேண்டும் என்று காலையில் சொல்லிவிட்டார்கள். பென் டிரைவில் இருந்த கிளாஸ் கோப்புகளை அங்கே போட்டு ஓட்டினாள். அங்கே இருந்தது ஜாவா 6.

திரையில் ஒரு வரி: மேஜர் மைனர் வெர்ஷன் 51.0, ஆதரவில்லை.

ஜாவா தொகுத்துத் தரும் ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் முதல் நாலு பைட்டும் ஒன்றுபோலவே இருக்கும், பதினாறடிமானத்தில் ‘கஃபேபேப்’ என்று படிக்கலாம். கோப்பு ஜாவாவுடையதுதான் என்பதற்கான முத்திரை. அடுத்த நாலு பைட்டில் பதிப்பு எண். ஜாவா 6 என்றால் 50, ஜாவா 7 என்றால் 51. பழைய ஜாவா புதிய எண்ணைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கதவைச் சாத்திவிடும். அவள் எழுதியதில் 7-இன் புது வசதி ஒன்றுகூட இல்லை. 6-க்காகத் தொகு என்று கட்டளையில் சேர்த்துத் தொகுத்திருந்தால் போதும். ஓடியிருக்கும்.

எனக்கு ஒன்பது தடவை போன் போட்டிருக்கிறாள். நான் ஒரு கிளையண்ட் காலில், போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டபோது, “ஒண்ணுமில்லண்ணே, முடிஞ்சிருச்சு” என்றாள். நான் நல்லபடியாக முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். எட்டே முக்கால் வருஷம் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த டிசம்பர் ராத்திரிதான் மீதியைச் சொன்னாள். வந்திருந்த எக்ஸ்டெர்னல், லேப்பில் ஓடாததைப் பார்த்துவிட்டு, “யார் பண்ணிக் குடுத்தாங்க? அவங்களையே கேளும்மா” என்றிருக்கிறார். இவள் நிரலைத் தாளில் எழுதிக் காட்டியிருக்கிறாள், வரிக்கு வரி. பாதியில் போதும் என்று நிறுத்திவிட்டாராம். எம்.சி.ஏ. விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அதை அவள் போடாததற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், கல்யாணப் பேச்சும் அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. இது காரணமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவள் எதையும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில், பழைய வேடிக்கை மாதிரி சொன்னாள்.

“நிரல் முழுக்க என்னுதுண்ணே. ஜாவா மட்டுந்தான் உன்னுது.”

பிறகு உள்ளே போய் பரணிலிருந்து ஒரு நீளக்கட்டை நோட்டை எடுத்து வந்தாள்.

வைவா முடிந்த மறுவாரம் ஆரம்பித்த நோட்டு. மார்க் போன பிறகு எதற்கு என்றேன். “அப்பாவுக்கு ஓடணும்ல” என்றாள். வீட்டில் இணையம் இல்லை, எனக்கும் போன் போடவில்லை. லினக்ஸோடு கூடவே வரும் மேன் பக்கங்களை உட்கார்ந்து படித்திருக்கிறாள். கட்டளைக்கு முன்னால் மேன் என்று அடித்தால் வரும் அந்தக் கைப்புத்தகத்தை நான் இதுவரை முழுசாக ஒன்றுகூடப் படித்ததில்லை. ஏப்ட்டுக்கு, எதையும் இறக்காமல் எங்கிருந்து என்னென்ன இறக்க வேண்டும் என்று முகவரிகளை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு வழி உண்டு. அதைக் கண்டுபிடித்து, அந்தப் பட்டியலை நோட்டில் கையால் எழுதியிருந்தாள். ஓப்பன்ஜேடிகே 6, அதன் இயக்கச்சூழல், அதன் ‘தலையில்லாத’ பகுதி, சான்றிதழ்களுக்கு ஒரு பொதி, உலக நேரக் கணக்குக்கு ஒரு பொதி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக். கம்பத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவியிருக்கிறாள். முதல் நாள் இரண்டு பொதி பிழையாக இறங்கியிருந்தன, மறுபடி கம்பம். மூன்றாவது நாள் டேட்டாபேஸுக்கான ஜாவா இணைப்பான் விட்டுப்போச்சு என்று எழுதி, இரண்டு அடிக்கோடு. அதற்கும் ஒரு பஸ்.

சார்பு என்ற சொல்லை, ஒன்று இருக்க இன்னொன்று வேண்டும் என்பதை, நான் பத்து வருஷமாக மீட்டிங்குகளில் உச்சரிக்கிறேன். அவள் அதை சுருளிப்பட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் சுமந்திருக்கிறாள்.

நான் போட்டதை அழித்துவிட்டாள். பாஷ் கோப்பிலிருந்த என் ரெண்டு வரியையும் எடுத்துவிட்டாள். அப்பா 2016 வரை அதில்தான் கவாத்துத் தேதி பார்த்தாராம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்துபோகிற எனக்கு இது தெரியாது. லேப்டாப் மேஜையில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் கேம் ஆடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

நோட்டின் நடுப்பக்கத்தில் கட்டளைகளும் அவற்றுக்கு அவள் எழுதிய அர்த்தங்களும் இருந்தன. மாற்றுப் பட்டியல் கட்டளைக்கு ‘எந்த ஜாவாவுக்கு வாய்க்கால் திறக்கணும்’ என்று இருந்தது. இந்த வாய்க்கால் உவமை என் சொந்தச் சரக்கு என்று அதுவரை நம்பியிருந்தேன். அதற்குக் கீழே டிபிகேஜி, பக்கத்தில் பெரிய எஸ். ஒரு கோப்பைக் காட்டி இது எந்தப் பொதிக்குச் சொந்தம் என்று கேட்கிற கட்டளை. அவள் எழுதியிருந்தது:

‘இந்த ஃபைல் எந்தப் பொதியோடது? யாருக்கும் சொந்தமில்லைனு வந்தா அண்ணன் போட்டது.’

பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தப்பா எழுதலைலண்ணே?”

“இல்ல பாப்பா. சரிதான்.”

என் திரையில் தேடல் முடிந்து பாதைகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. பாதிக்கு மேல் ஆப்ட் அடைவில். அதில் இரண்டு, வேலையை விட்டுப் போய்விட்ட யாரோ ஒருவரின் பெயரில். இன்னொரு நாலு என் பெயரில்.

நோட்டை போட்டோ எடுத்துக்கட்டுமா என்று கேட்டேன். எடுத்துக்கோ, ஆனா நோட்டு வேணும் என்றாள். போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் அவள்தான் கணக்கு, கம்ப்யூட்டரும் அவள் பொறுப்புதான். திங்கட்கிழமை அதில் உபுண்டு மாற்றுகிறார்களாம். பில் போடுகிற மென்பொருள் ஜாவா 8 தவிர வேறு எதிலும் ஓடாது. புதுசில் 11தான் தானாக வரும், 8-ஐத் தனியாகப் போட்டு மடையைத் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நோட்டை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.