கொல்கத்தாவில் ஒரு கப்ர்



சென்ற ரமளான் முடிந்த கையோடு எங்கள் வீட்டில் ஒரு பயணப் பேச்சு தொடங்கியது. ஷார்ஜாவில் பணியாற்றும் பிள்ளைகளின் மாமா, நைல் நதிக் கப்பல் பயணம் ஒன்றின் விளம்பரத்தை அலைபேசியில் அனுப்பியிருந்தார். லக்சரில் ஏறி அஸ்வானில் இறங்குவது. இடையில் கர்னாக், எட்ஃபு, கோம் ஓம்போ ஆகிய இடங்களின் பழங்கோயில்கள், மன்னர்களின் பள்ளத்தாக்கில் ஃபிர்அவ்ன்களின் கல்லறைகள். உடன்வந்து விளக்கிச் சொல்ல ஒரு வழிகாட்டி. "எல்லாரும் ஒருமுறையாவது சேர்ந்து போவோம், செலவு என் பொறுப்பு" என்று குரல்பதிவும் வந்தது.

பிள்ளைகள் துள்ளினார்கள். மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை மதரஸாவில் ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா! ஆனால் அதே மதரஸாவில் பாடம் நடத்தும் எங்களுக்கு வேறொரு பாடம் நினைவுக்கு வந்தது. தபூக் போருக்குச் செல்லும் வழியில் ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடந்தபோது, தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்களின் குடியிருப்புகளுக்குள் அழுதவர்களாக அன்றி நுழைய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கூறி, தலையை மூடிக்கொண்டு விரைந்து கடந்தார்கள். கப்பலின் மேல்தளத்தில் சாய்வு நாற்காலி போட்டுத் தேநீர் பருகியபடி ஃபிர்அவ்னின் ஊரைப் பார்ப்பது அந்த ஒழுக்கத்தோடு பொருந்துமா? பூமியில் பயணம் செய்து முன்சென்றவர்களின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் ஏவுவதை எடுத்துக்காட்டினார் பிள்ளைகளின் மாமா. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது, பேச்சு முடியவில்லை.

முடித்து வைத்தவள் மகள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். "வாப்பா, நைல்தான் வேணுமா? நம்ம நாட்டுலயே ஹூக்ளி இருக்கே" என்று ஒரு வரைபடத்தை விரித்தாள். கொல்கத்தாவில் ஏறி, கங்கையின் கிளையான ஹூக்ளி, பாகீரதி வழியே முர்ஷிதாபாத் வரை வடக்கே செல்லும் கப்பல்கள் இருக்கின்றன. ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். அக்டோபர் முதல் மார்ச் வரை அதற்கான பருவம். கோடையில் வற்றிக் கிடந்த பாகீரதியில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுவதே 1975இல் ஃபரக்கா அணையிலிருந்து கால்வாய் வெட்டிக் கங்கை நீரைத் திருப்பிவிட்ட பிறகுதான் என்றும் சொன்னாள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். பிள்ளைகளின் மாமாவும் உடனே சம்மதித்தார்.

அதுவரை தஸ்பீஹ் மணியை உருட்டியபடி பேசாமல் இருந்த உம்மா தலையை உயர்த்தினார்கள். "கல்கத்தாவா? அங்கதானே எங்க வாப்பா இருக்காங்க."

உம்மாவுக்கு வயது 72. அவர்களுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, 1961இல், எங்கள் பாட்டனார் கொல்கத்தாவில் மவுத்தானார்கள். அங்கே ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வருவார்கள். காய்ச்சல் என்று முதலில் ஒரு கடிதம், பிறகு தந்தி. கோப்ரா மையவாடியில் அடக்கம் செய்ததாக மண்டியில் உடனிருந்தவர் எழுதிய அஞ்சலட்டை ஒன்று மட்டும் உம்மாவின் தகரப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவரும் அந்தக் கப்ரைப் பார்த்ததில்லை. இத்தனை ஆண்டுகளில் உம்மா ஒருமுறைகூட அங்கே போகவேண்டும் என்று சொன்னதும் இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து திட்டத்தின் முகமே மாறிவிட்டது.

பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய நிகழ்ச்சி நிரலை மேசையில் விரித்து, ஒவ்வொரு நாளாகப் படித்தோம். முதலில் எழுந்த கேள்வி கோயில்கள் பற்றியது. கால்னாவில் பர்தமான் மன்னர் 1809இல் கட்டிய 108 சிவன் கோயில்கள் இரண்டு வட்டங்களாக நிற்கின்றனவாம். வெளிவட்டத்தில் 74, உள்வட்டத்தில் 34. சுட்ட களிமண் சிற்பங்கள் நிறைந்த பிரதாபேஸ்வரர் கோயிலும் அங்கேயே இருக்கிறது. "அந்த நாள் நாம கப்பல்லயே இருந்துருவோமா?" என்றான் மகன். மஹல்லாவிலும் ஒருவர், மதரஸா உஸ்தாதே கோயில் பார்க்கப் போகிறாரா என்று பாதி விளையாட்டாகக் கேட்டார்.

வணக்கத்தில் பங்குகொள்வது வேறு. கட்டடத்தின் வேலைப்பாட்டைக் கண்டு அறிவது வேறு. பிறர் வணங்குவதை ஏசாதீர்கள் என்பதும் குர்ஆனின் கட்டளைதான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது. சுசீந்திரம் கோபுரத்தைப் பேருந்துச் சன்னல் வழியே ஆயிரம் முறை கடந்திருக்கிறோம். ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை. எங்கள் இடலாக்குடி மண்ணில் 1874இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், தீனில் உறுதியாக நின்றபடியே சைவ இலக்கியத்தில் புலவர்கள் வியக்கும் புலமை பெற்றிருந்தார். அவருடைய ஊர்க்காரர்கள் நாங்கள்!

ஆகவே தொலைதூரப் பயணத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பயணம் போனோம். சுசீந்திரத்தில் தெப்பக்குளத்தின் கரையில் நின்று கோபுரத்தின் சுதை உருவங்களை மகள் விளக்கக் கேட்டோம். பிறகு புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அதே மன்னரின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. அவர் இறந்தது 1777இல். கல்லில் தமிழும் லத்தீனும் பொறித்திருக்கிறார்கள். எங்கிருந்தோ வந்தவர் எங்கள் மண்ணில் கிடக்கிறார். உம்மா அந்தக் கல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவருக்கும் ஊர்ல மக்கமாரு இருந்திருப்பாங்கல்லா" என்று மட்டும் சொன்னார்கள்.

நிரலில் எங்களை மிகவும் ஈர்த்தவை முர்ஷிதாபாதின் கப்ருகள். அந்நகருக்குத் தம் பெயரைக் கொடுத்த நவாப் முர்ஷித் குலி கான், சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, வங்காளத்தின் ஆட்சியாளராக உயர்ந்தவர். தம் கையாலேயே குர்ஆனைப் பிரதியெடுக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது என்கிறார்கள். அவர் கட்டிய கட்ரா பள்ளிவாசல் தொழுமிடம் மட்டுமன்று. முற்றத்தைச் சுற்றிலும் குர்ஆன் ஓதுவோர் தங்குவதற்கான அறைகள் வரிசையாக அமைந்த கல்விக்கூடமும் ஆகும். 1897 நிலநடுக்கத்தில் அதன் குவிமாடங்கள் சேதமுற்றன. 1727இல் இறந்த நவாபின் கப்ர் எங்கே இருக்கிறது தெரியுமா? பள்ளிவாசலுக்கு ஏறும் படிக்கட்டின் அடியில். தொழ வருகிறவர்களின் பாதங்கள் தம்மீது படவேண்டும் என்று அவரே விரும்பினாராம். படிக்கட்டில் ஏறும்போது கால் கூசுமே என்றாள் மகள். கூசட்டும் என்றுதானே அங்கே படுத்திருக்கிறார் என்றார் பிள்ளைகளின் உம்மா.

ஆற்றின் மறுகரையில் குஷ்பாக். 1757 ஜூன் 23 அன்று பிளாசியில் தோற்று, சில நாள்களிலேயே கொல்லப்பட்ட இளம் நவாப் சிராஜுத்தவ்லா, பாட்டனார் அலிவர்தி கானுக்கு அருகில் அங்கே அடங்கியிருக்கிறார். அவருடைய மனைவி லுத்ஃபுன்னிஸா நெடுங்காலம் அந்தக் கப்ரைப் பேணி வாழ்ந்து, தாமும் அங்கேயே அடங்கினார். அவரைக் காட்டிக்கொடுத்த மீர் ஜாஃபரின் கப்ரும் எதிர்க்கரையில் ஜாஃபர்கஞ்சில்தான் இருக்கிறது. இடையே ஓடுவது ஓர் ஆறு மட்டுமே.

நிரலில் ஓர் இடத்துக்கு அரை மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். அதை நீட்டித் தரும்படி நாங்களே கேட்டுக்கொண்டோம். ஹூக்ளி நகரின் இமாம்பாரா அது. ஷியா மரபில் அமைந்த அந்த மாளிகை 1841இல் தொடங்கி 1861இல் நிறைவுற்றது. அடுத்தே ஹாஜி முஹம்மது முஹ்சின் அவர்களின் அடக்கத்தலம். 1732இல் பிறந்த அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி வழியே வந்த பெருஞ்சொத்து முழுவதையும் 1806இல் வக்ஃப் செய்துவிட்டு 1812இல் மறைந்தார். அந்த வருவாயில் 1836இல் எழுந்த கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மதரஸாவின் மின்கட்டணத்துக்கே மாதந்தோறும் தவிக்கும் எங்களைப் போன்றவர்கள் அங்கே அரை மணி நேரத்தில் திரும்பிவிட முடியுமா?

தொழுகைக்கும் திட்டமிட வேண்டியிருந்தது. எங்கள் வீடு ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தது. ளுஹரையும் அஸரையும் சுருக்கி, சேர்த்துத் தொழலாம். பிள்ளைகளின் மாமா ஹனஃபி. அவர் சுருக்குவார், சேர்க்கமாட்டார். கப்பல் திரும்பும்போது நாமும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பதை மகன் இருமுறை கேட்டுக்கொண்டான். அவனுக்கு அதுவே பெரிய விளையாட்டாகத் தோன்றியது. உணவு பற்றி அதிகம் யோசிக்கவில்லை. கப்பலில் இறைச்சியைத் தவிர்த்து மீனும் காய்கறியும் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். முர்ஷிதாபாத் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 66 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். கரையில் இறங்கினால் ஹலால் உணவுக்குக் குறை இராது.

தீராமல் நின்றது உம்மாவின் ஒரு நாள்தான். நிரலில் கோப்ரா இல்லை, இருக்கவும் முடியாது. ஆகவே வாரம் ஒருமுறை கன்னியாகுமரியிலிருந்து ஹவுரா செல்லும் ரயிலைப் பிடித்து, கப்பலேறும் நாளுக்கு முன்னதாகவே கொல்கத்தா சேர்வதென முடிவு செய்தோம். அங்கே வேலையிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர் மையவாடிக்கு நேரில் போய் வந்தார். பொது மையவாடிகளில் பழைய கப்ரின் மீதே புதிய கப்ர் அமைவது வழக்கம். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய கப்ரை இன்னதென்று சுட்டிக்காட்ட ஒருவராலும் இயலாது என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். உம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தோம்.

"இடம் தெரியாட்டா என்ன மக்களே, ஊரு தெரியும்லா" என்றார்கள் உம்மா.

அதைவிடக் கடினமானது இன்னொன்று. மையவாடிக்குள் பெண்கள் போவது பொருத்தமன்று என்று இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வந்திருக்கிறோம். எங்கள் மத்ஹபில் பெரும்பாலோர் அதை மக்ரூஹ் என்றே எழுதியிருக்கிறார்கள். இப்போது பெற்ற தாயை 2,000 கிலோமீட்டருக்கு மேல் அழைத்துச் சென்று வாசலில் நிறுத்திவிட்டு, பேரன் மட்டும் உள்ளே போய்வருவதா? சொந்தத் தாய் என்றதும் சட்டத்தை வளைக்கத் தோன்றுகிறதோ என்ற அச்சமும் கூடவே இருந்தது. அந்த அச்சத்துடனேயே எங்களுக்குக் கற்பித்த உஸ்தாதிடம் போனோம்.

அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கப்ரின் அருகே அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் நபி (ஸல்) அவர்கள் பொறுமையை உபதேசித்தார்களே அன்றி, ஏன் இங்கே வந்தாய் என்று கேட்கவில்லை என்பதை நினைவூட்டினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரர் அப்துர் ரஹ்மானின் கப்ருக்குச் சென்றதையும், ஹனஃபி அறிஞர்கள் பலர் அனுமதித்திருப்பதையும், ஓலமிட்டு அழுவதைப் பற்றிய அச்சமே மறுப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்டதையும் எடுத்துச் சொன்னார்கள். "இதெல்லாம் நீங்க படிச்சதுதானே?" என்றார்கள். படித்ததுதான். "பிள்ளைகளுக்குப் பாதிய மட்டும் சொல்லிட்டீங்க. உம்மாவ உள்ளே கூட்டிட்டுப் போங்க. வந்த பிறகு மீதியயும் சொல்லுங்க."

பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. இன்ஷா அல்லாஹ், வரும் டிசம்பரில் புறப்படுகிறோம். உம்மா இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டார்கள். அஞ்சலட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு யாசீன் கிதாபுக்குள் செருகியிருக்கிறார்கள்.

நேற்று இஷாவுக்குப் பின் அழைத்து, "கல்கத்தாவுல கிப்லா எந்தப் பக்கம் மக்களே?" என்று கேட்டார்கள். கப்பலில் தொழுவதற்காகக் கேட்கிறார்கள் என்றெண்ணி, அலைபேசியில் காட்டினோம். நாகர்கோவிலில் மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 24 பாகை சாய்ந்து நிற்கிறோம். கொல்கத்தாவில் 8 பாகைதான், கிட்டத்தட்ட நேர்மேற்கு.

உம்மா தலையசைத்தார்கள். "அப்போ வாப்பா முகம் அந்தப் பக்கமா இருக்கும்" என்று சொல்லி, கையை மெல்ல மேற்கே திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.