எரிந்த கிளச்சும் ஹந்தானை ஏற்றமும்

கட்டுகஸ்தோட்டையில் பிரதான வீதியை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கராஜ். நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளை ஹோண்டா சிவிக் ஒன்றின் கியர்பொக்ஸ் இறங்கித் தரையில் கிடந்தது. கராஜ்காரரை எல்லோரும் நானா என்றே கூப்பிடுகிறார்கள். கழற்றிய கிளச் பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "இது ஓடித் தேஞ்சதில்ல தம்பி, எரிஞ்சு போனது" என்றார்.

வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஓடித் தேய்ந்த பிளேட்டில் லைனிங் சீராகக் குறைந்து, ரிவெட் தலைகள் எட்டிப் பார்க்கும். இதில் ரிவெட் இன்னும் உள்ளேதான் இருந்தது. ஆனால் லைனிங் கறுத்து, வழவழத்து மினுங்கியது. விளிம்பை நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. பிளைவீலைத் துணியால் துடைத்துக் காட்டினார். அதன் முகத்தில் மயில்கழுத்து நீலத்தில் வட்ட வட்டமாகக் கறைகள். இரும்பு அந்த நிறத்துக்கு வர ஏறத்தாழ 300 டிகிரி சூடு வேண்டும். லைனிங்கின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் ரெசின் அந்தச் சூட்டில் கருகி மேலே படிந்துவிட்டால், பிளேட்டில் எவ்வளவு தடிப்பு மிச்சமிருந்தாலும் பயனில்லை. பிடிக்காது, வழுக்கும்.

கார் கம்பளைப் பையன் ஒருவருடையது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஈகே மாடல், 1.6 வீடெக் எஞ்சின், கையால் கியர் போடும் வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் இப்படியான பழைய சிவிக்குகளை விற்க யாருக்கும் மனம் வரவில்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாகம் தேடித் தேடி ஓட்டினார்கள்.

பையனுக்கு மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் ஓட வேண்டும் என்று ஆசை. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய பந்தயம் அது. கார்கள் ஒவ்வொன்றாக, நின்ற நிலையிலிருந்து கிளம்பிக் கடிகாரத்தோடு மோதும். அதனால் கிளம்பும் அந்த ஒரு வினாடிக்கு அத்தனை மதிப்பு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம் வேறு. காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். வீடெக் எஞ்சினுக்கு உயிர் வருவதும் மேல் சுற்றில்தான். ஆகவே நிமிடத்துக்கு 5,000 சுற்று வரை ரேஸ் பண்ணிக் கிளச்சை விடப் பழகியிருக்கிறார். எங்கே பழகினார் என்று நானா கேட்டார். பதில் வரவில்லை.

சுவரோரம் நின்று போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் கியரில் 5,000 சுற்று என்றால் இந்தக் காருக்கு மணிக்கு 39 கிலோமீட்டர் அளவு வேகம். எஞ்சின் ஒரே சுற்றில் நிற்க, அசையாமல் இருந்த கார் அந்த வேகத்தை எட்டிப் பிடிக்கும்வரை கிளச் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். அதற்குள் காருக்கு எவ்வளவு சக்தி கிடைக்கிறதோ அதே அளவு கிளச்சில் சூடாகிறது. ஆளோடு 1,100 கிலோ என்று வைத்தால் சுமார் 64 கிலோஜூல். 2,000 சுற்றில் நிதானமாகக் கிளம்பினால் பத்துதான். சுற்று இரண்டரை மடங்கு ஏற, சூடு ஆறு மடங்கு ஏறிவிடுகிறது. டயர் வழுக்கிச் சுழன்றால் கிளச் கொஞ்சம் தப்பும். பையன் போட்டிருந்ததோ நன்றாக ஒட்டும் டயர்.

புது பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பெயரிங்கும் ஏறி, பிளைவீல் கடைசல் பட்டறைக்குப் போய் வந்து, வண்டி இறங்கும்போது பாடசாலை விடும் நேரம். அந்த நேரத்தில் கண்டிக்குள் நுழைபவருக்குப் பொறுமை வேண்டும். புது கிளச்சைச் சோதித்துப் பார்க்க நானா ஓட்டினார், நான் பக்கத்தில், பையன் பின்னால். ஆஸ்பத்திரிப் பக்கமாக ஹந்தானை வீதியில் திரும்பி ஏறியதும் வரிசை நின்றது.

"முன்னால பாருங்க. பிரேக் லைட் எரியுதா?"

எரியவில்லை. முன்னே நின்ற காரின் பின்பக்கம் லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் பாதிக் கிளச்சில், எக்சலேட்டரை மிதித்தபடி ஏற்றத்தில் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கருகல் மணம் எங்கள் ஜன்னலுக்குள்ளும் வந்தது.

மறுபடி போனை எடுத்தேன். பத்துக்கு ஒன்று சரிவில், 1,500 சுற்றில், இதே எடையுள்ள காரை இப்படித் தாங்கினால் கிளச்சில் வினாடிக்கு மூன்றரை கிலோஜூல் சூடு. இருபது வினாடிக்குள் பையனின் பந்தயக் கிளம்பல் ஒன்றுக்குச் சமமாகிவிடுகிறது! பந்தயத்தில் அந்தச் சூடு ஓரிரு வினாடிகளில் இறங்குவதால் மேற்பரப்பு நீலம் பாரிக்கிறது, உண்மைதான். ஆனால் பந்தயக்காரர் அடுத்த ஓட்டம் வரும்வரை வண்டியை ஆறவிடுகிறார். அலுவலகம் விட்டு அம்பிட்டியவுக்கோ ஹந்தானைக்கோ ஏறுகிறவர் வளைவுக்கு வளைவு அதையே செய்கிறார், தான் மென்மையாக ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு. பையனைத் திட்டுவது சுலபம்; முன்னால் நின்றவரை யாரும் திட்டுவதில்லை.

நானா ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் போட்டு, காலை எடுத்துவிட்டார். வரிசை நகர்ந்ததும் கியர் போட்டு, கிளச் பிடித்து மூக்கு லேசாக உயர்ந்த கணத்தில் ஹேண்ட்பிரேக்கை விட்டார். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. தேயிலை நூதனசாலை வரை, 1925இல் கட்டிய அந்தப் பழைய தொழிற்சாலை வரை, அப்படியே ஏறினோம்.

அங்கே வண்டியைத் திருப்பும்போது பையன் கேட்டார்: "நானா, செரமிக் பிளேட் போட்டா எரியாதுதானே?"

"எரியாது. ஆனா விட்டதும் பிடிச்சிரும், பாதிக் கிளச்சே இருக்காது. இந்த டிராபிக்ல குலுங்கிக் குலுங்கித்தான் போவீங்க. இப்ப வழுக்கித் தாங்கிற அடி அப்புறம் டிரைவ் ஷாஃப்ட்ல விழும், கியர்பொக்ஸ்ல விழும். பிளேட் மாத்திற காசா, கியர்பொக்ஸ் மாத்திற காசா?"

பையன் யோசித்தார். சாதாரண பிளேட்டே இருக்கட்டும் என்றார். அப்படியானால் 500 கிலோமீட்டராவது ஊருக்குள் நிதானமாக ஓடி லைனிங் படியட்டும், அதுவரை 3,000 சுற்றுக்கு மேல் கிளம்பக் கூடாது என்று சொல்லி, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நானா பின் சீட்டுக்குப் போனார்.