சேமலாப நிதியும் நமது முதுமையும்

‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்’ என்பது யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாய் வழங்கிவரும் மொழி. அதன் உட்பொருள் உத்தியோகப் பெருமை மட்டுமன்று. முதுமையில் மாதந்தோறும் வரும் பென்சனுமாம். மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உழைத்து மீண்ட நம் முன்னோர் பலர், அக்கரையிலிருந்து வந்த ஓய்வூதியங் கொண்டே குடும்பத்தைத் தாங்கினர். அப்பேறு வாயாதார் காணி, நகை, சீட்டு என்னும் மூன்றையே நம்பினர். விழா மலரிலே தமிழாசிரியர் காசுக்கணக்குப் பேசுவதோ என வினவுவாரும் உளர். வள்ளுவர் பொருள் செயல்வகைக்குத் தனி அதிகாரமே வகுத்திருக்க, நாம் கூசுவதற்கில்லை.

பென்சனில்லாத் தனியார் தாபன ஊழியர்க்குத் துணையாக வந்தது 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். ஊழியர் தம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கொடுக்க, முதலாளி 12 கொடுத்தல் வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 செலுத்துவார். நாம் 8 ரூபாவை விட்டுக்கொடுக்க, நம் பெயரில் 23 ரூபா சேர்கின்றது. எந்தச் சீட்டு இவ்வாறு பெருகும்?

அரசாங்க சேவைக்கு வருமுன் தனியார் கல்வி நிலையமொன்றில் நாம் கற்பித்தோம். “கழிவு வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையிலே தாருங்கள்” என்று உடனாசிரியர் கேட்க, நிருவாகமும் மகிழ்ந்து இசைந்தது. நாம் இசைந்திலோம். பலகாற் கேட்டு அங்கத்துவ இலக்கம் பெற்றோம். சீட்டுக்குக் கட்டிவந்த பணத்தையும் நிறுத்தி, சட்டம் இடந்தருமாறு எட்டுக்கு மேலாகவே நிதிக்குச் செலுத்தினோம். “காசைக் கொழும்பிலே பூட்டி வைக்கிறீர், தம்பி” என்று மூத்தவரொருவர் நகைத்தார்.

நாம் அவ்வாறு துணிந்ததற்குக் காரணம் எம் தந்தையார். அவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1990 இல் போரால் ஆலை நின்றது. வீடும் வளவும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்தபோது, தாயாரின் நகைகள் வழியிலே அரிசியாயின. தந்தையாரின் துணிப்பையில் எஞ்சியவை காணி உறுதியும் ‘பி’ அட்டையுமே. உறுதி காட்டிய நிலத்தை அவர் பின்னர்க் கண்டாரல்லர். அட்டை காட்டிய கணக்கோ, ஆண்டுதோறும் வட்டியேறி, கொழும்பிலே பத்திரமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயதில் அவர் பெற்ற அத்தொகையே தங்கையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது.

இந்நிதி குறையற்றதெனச் சொல்லோம். 2022 செப்ரெம்பரிற் கொழும்பின் விலைவாசி முன்னைய ஆண்டினும் நூற்றுக்கு எழுபதளவு ஏறியிருந்தது. அவ்வாண்டு நிதி தந்த வட்டி 9 மட்டுமே. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் சுமையும் இந்நிதியின்மீது விழுந்தது. ஆயினும் முதலாளி இட்ட பன்னிரண்டை வேறெங்கே பெறுதல் கூடும்?

பென்சனுள்ள பதவியேற்றார் தம் தொகையை மீளப் பெறலாம் என்னும் விதிப்படி, நாம் ஆசிரியர் சேவையிற் சேர்ந்தபின் தொழிற் கந்தோரில் ‘கே’ படிவங் கொடுத்துப் பெற்றோம். இன்றிருக்கும் வளவுக்கு அதுவே முற்பணமாயிற்று. அன்று நகைத்த பெரியார் எழுபதை அணுகியும் மாலை வகுப்புக்குச் சைக்கிளிற் போகின்றார். அவரைக் காணுந்தோறும் எம் நெஞ்சு நோகின்றது. அவர் உழைப்பிற் குறைந்தவரல்லர். அவர் பெயரில் ஒரு கணக்கில்லை, அவ்வளவே.

மாணவர்களே, முதற் சம்பளத்தோடு அங்கத்துவ இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்து வையுங்கள். முதலாளிகளாய் உயர்ந்துள்ள பழைய மாணவ அன்பர்களே, கல்லூரிக்கு மண்டபம் எழுப்பும் உங்கள் கை வாழ்க! அக்கையே உங்கள் ஊழியரின் பங்கையும் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்துமாயின், நம் கல்லூரி கற்பித்த அறம் இன்னுஞ் சிறக்கும்.