இரு கண், ஒரு காட்சி

வள்ளுவப் பெருந்தகை 392-ஆம் குறளில் எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு கண்களாகப் போற்றினார். கண் இரண்டாயினும் காட்சி ஒன்றே அன்றோ? ஆயினும், "முதலில் எழுத்து வரட்டும், கணக்கைப் பள்ளியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடும் பெற்றோர் பலர்.

மலாக்கா மாநிலத்தின் எல்லையில், தம்பினை ஒட்டி அமைந்த ஊர் புலாவ் செபாங். அதன் இரயில் நிலையத்தில் தாயின் கைப்பற்றி நிற்கும் நான்கு வயதுக் குழந்தை, ஊர்ப்பெயரின் எழுத்துகளையும் கடிகாரத்தின் எண்களையும் ஒரே வியப்போடு நோக்குகிறது. இது வாசிப்பு, இது கணக்கு என்று அது பிரிப்பதில்லை. கோடும் வளைவும் ஏதோ ஒன்றைக் குறிக்கின்றன என்னும் அறிவே இரண்டிற்கும் வித்து.

தாய்மார் பால்மரம் வெட்டச் சென்ற காலத்தில், ஆயாக்கொட்டகையே தோட்டப்புறக் குழந்தைகளின் உலகம். ரப்பர்க் கொட்டைகளை எண்ணி ஆடும் குழந்தை, கொட்டை ஒன்றுக்குச் சொல் ஒன்று எனப் பொருத்தக் கற்கிறது. 'மரம்' என்பதை ம, ர, ம் என விரல்விட்டுப் பிரிப்பதும் அத்தகைய பொருத்தமே. பத்தும் ஒன்றும் கூடிப் பதினொன்று ஆவதைப் போலவே, ககர மெய்யும் அகர உயிரும் கூடிக் ககரம் ஆகிறது. பழந்தமிழ் எண்குறிகளில் ஒன்று ககரத்தையும், இரண்டு உகரத்தையும், எட்டு அகரத்தையும் ஒத்திருப்பதும் எண்ணத்தக்கது.

கிரெக் டங்கன் குழுவினர் 2007-இல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் ஆறு நெடுங்காலத் தரவுத் தொகுதிகளை ஆராய்ந்தனர். பள்ளியில் சேரும்போதே எண்ணறிவு பெற்றிருந்த குழந்தைகள், பின்னாளில் கணக்கில் மட்டுமன்றி வாசிப்பிலும் சிறந்தனர். மலேசியக் கல்வி அமைச்சு 2010-இல் தொடங்கிய லினுஸ் திட்டமும் தொடக்கப்பள்ளியின் முதல் மூன்றாண்டுகளில் எழுத்தறிவையும் எண்ணறிவையும் ஒருங்கே சோதித்தது.

இன்றோ, தோட்டம் விட்டு நகர் புகுந்த பல வீடுகளில் பேச்சு தமிழாயிருக்க, எண்கள் மட்டும் ஆங்கிலமாயின. 'நூறு' என்னும் ஒலி உள்ளிருந்தும் 'தொண்ணூறு' நூற்றினும் குறைந்ததே. அச்சொல்லை வீட்டில் கேட்டறியாத பிள்ளை முதலாம் ஆண்டு வகுப்பில் திகைக்கிறது. அறிவுக் குறையன்று அது. செவிக்கு எட்டாத சொல்லின் குறை. அதை அறியாது பிள்ளையை மந்தமென ஒதுக்குதல் பெரும்பிழை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. தட்டில் தோசை எத்தனை, படியில் கால் எத்தனை, கதையில் குருவி எத்தனை என்று தமிழில் கேட்டுத் தமிழில் எண்ணச் செய்தால் போதும். பாலர் பள்ளி ஆசிரியர்கள் எழுத்தட்டையோடு எண்ணட்டையையும் ஒரே பாடவேளையில் கையிலெடுப்பார்களாக!