வியன்னாவின் நிலவறை

வியன்னா நகரத்துக்கு யாத்திரை செல்வோர் முதலில் ஹோஃப்பர்க் அரண்மனையைத்தான் நாடுவார்கள். ஹாப்ஸ்பர்க் வமிசத்துச் சக்கரவர்த்திகள் 1918 வரையில் கொலுவீற்றிருந்த இடம் அது. அதன் மாடங்களையும் சரவிளக்குகளையும் நாமும் கண்டு வியந்தோம். ஆனால் அந்த வமிசத்தின் கதையை உள்ளபடி அறிய விரும்புவோர் அங்கிருந்து சில நிமிஷம் நடந்து, கப்பூச்சின் துறவிகளின் எளிய ஆலயத்துக்குக் கீழேயுள்ள நிலவறைக்குள் இறங்க வேண்டும். 12 சக்கரவர்த்திகள் அங்கே துயில்கிறார்கள்.

இறங்குமுன் அவர்கள் காலத்து மரியாதை முறையைச் சிறிது சொல்லிவிடுவோம். நம் நாட்டில் பெரியோரை விழுந்து வணங்குகிறோம். ஐரோப்பிய அரசவைகளிலோ, பெண்கள் உடலை நிமிர்த்தியபடியே ஒரு காலைப் பின்னே வைத்து, முழங்கால்களை மடக்கித் தாழ்ந்து எழுவார்கள். ஆடவர் தலை குனிவார்கள். வியன்னாவில் ஸ்பெயின் தேசத்துச் சம்பிரதாயம் வழங்கியபடியால், சக்கரவர்த்தியை அணுகுவோர் மும்முறை முழங்கால் மடக்க வேண்டியிருந்தது. அரச குடும்பத்தாருக்குள்ளேயும் இந்தக் கணக்கு உண்டு. யார் முன்னே நடப்பது, யார் எங்கே அமர்வது, யாருக்கு யார் தாழ்வது என்பதையெல்லாம் நிர்ணயிப்பது பட்டப் பெயரே. வயதுக்கும் அன்புக்கும் அங்கே இடமில்லை.

நிலவறையில் நம் கண்ணை முதலில் கவருவது மகாராணி மரியா தெரேசாவும் அவள் கணவரும் துயிலும் பிரம்மாண்டமான பேழை. அதன் காலடியில் அலங்காரம் ஏதுமற்ற செப்புப் பெட்டி ஒன்று கிடக்கிறது. 1790-இல் காலமான அவள் மகன், இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி, அதில் இருக்கிறார். மனிதன் மனிதனுக்கு முழந்தாளிடுவது தகாது, அது கடவுளுக்கே உரியது என்று கருதி, 1787-இல் அவ்வழக்கத்தை உத்தரவிட்டு நிறுத்தியவர் அவர். கொள்கைக்கேற்ற பெட்டிதான்!

அருகே இன்னொரு பேழை. அரச ரத்தம் இல்லாத ஒரே ஒருத்தி இந்த நிலவறையில் இடம்பெற்றாள். அவள் மரியா தெரேசாவை வளர்த்த ஃபுக்ஸ் சீமாட்டி. வளர்த்தவளுக்கு நன்றி செலுத்த விரும்பிய மகாராணி விதியை மீறினாள்.

ஆனால் மனைவிக்காக மீற முடியாமற் போயிற்று. பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் பெர்டினாண்டு, சோபி சோடெக் என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவளும் பிரபு குலத்தவளே. எனினும் அரச குலத்துக்குச் சமமானவள் அல்லள் என்றார்கள். அவள் சக்கரவர்த்தினி ஆகமாட்டாள், பிள்ளைகளுக்குச் சிங்காதனம் இல்லை என்று 1900-ஆம் வருஷம் ஜூன் 28-ந் தேதி ஹோஃப்பர்க் அரண்மனையில் அவர் சத்தியம் செய்து கொடுத்த பின்னரே கலியாணம் நடந்தது. அப்புறம் 14 வருஷம், அரசவை ஊர்வலங்களில் கணவர் முன்வரிசையில் நடக்க, சோபி அரச குலப் பெண்கள் அனைவருக்கும் பின்னால் நடந்தாள். 1909-இல் கோமகள் பட்டம் கிடைத்தும் குறை முற்றும் தீரவில்லை.

1914-ஆம் வருஷம், அதே ஜூன் 28-ந் தேதி, செரஜீவோ நகரில் கணவர் பக்கத்தில் ஒரே வண்டியில் அமர்ந்து சென்றாள். இருவரையும் ஒருவனே சுட்டுக் கொன்றான். உடல்கள் வியன்னா வந்தபோது அவள் பெட்டியை அவர் பெட்டியைவிடத் தாழ வைத்து, அதன்மேல் ஒரு ஜதை கையுறையையும் விசிறியையும் வைத்தார்கள். இந்த நிலவறையில் அவளுக்கு இடமில்லை என்பதை அறிந்திருந்த ஃபிரான்ஸ் பெர்டினாண்டு, ஆர்ட்ஸ்டெட்டன் கிராமத்து மாளிகையில் முன்கூட்டியே கல்லறை அமைத்திருந்தார். அங்கே இருவரும் அருகருகே, ஒரே மட்டத்தில் துயில்கிறார்கள்.

யுத்தம் முடிந்தது, சாம்ராஜ்யமும் முடிந்தது. 1919-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஆஸ்திரியக் குடியரசு பிரபு பட்டங்கள் அனைத்தையும் ரத்து செய்தது. பெயருக்கு முன் 'ஃபொன்' என்று சேர்த்துக்கொள்வதற்குக்கூடத் தடை. அந்தச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது.

கடைசிச் சக்கரவர்த்தியின் மகன் ஓட்டோ 2011-ஆம் வருஷம் ஜூலை மாதம் தம் 98-ஆம் வயதில் காலமானார். நிலவறைக் கதவை ஒருவர் கோலால் தட்டினார். வருவது யாரென்று உள்ளிருந்து ஒரு துறவி கேட்டார். சட்டம் என்றோ ரத்து செய்த பட்டங்கள் நீளமாக வாசிக்கப்பட்டன. அவற்றுள் ஜெருசலேம் அரசர் என்பதும் ஒன்று! அப்படி ஒருவரை அறியோம் என்றார் துறவி. மறுபடி தட்டி, அவர் வகித்த பதவிகளையும் கல்விச் சிறப்பையும் சொன்னார்கள். அப்போதும் அதே பதில். மூன்றாம் முறை, ஓட்டோ, மரணத்துக்கும் பாவத்துக்கும் உட்பட்ட ஒரு மனிதன் என்று மட்டும் சொன்னார்கள். கதவு திறந்தது. அவர் தாயார் சீத்தாவுக்கும் 1989-இல் இவ்வாறே நடந்தது.

நம் தேசத்தின் பெயரும் ஐரோப்பியப் பட்டியல் ஒன்றில் இருந்ததுதான். 1876-இல் விக்டோரியா ராணி அதைத் தம் பட்டங்களோடு சேர்த்துக்கொண்டார். 1948-இல் அவர் கொள்ளுப்பேரர் அதை விட்டுக்கொடுத்தார். நாம் அந்தக் கதவைத் தாண்டி வெளியே வரும்போது அதை நினைத்துக்கொண்டோம். இவ்வளவு பெரிய பட்டியலை வாசித்துத் திறவாத கதவு, தாயார் வைத்த ஒரு பெயரைச் சொன்னவுடன் திறந்துகொண்டதே!