நடை மட்டும் போதுமா?

உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று என் வயதையொத்த எவரிடம் கேட்டாலும், "நாள்தோறும் நடக்கிறேன்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. காலிமுகத் திடலிலும் வெள்ளவத்தைக் கடற்கரையோரமும் அதிகாலையில் நடப்போரைக் காண்பது மகிழ்ச்சியே. ஆயினும், நடை ஒன்றே உடலுக்குப் போதும் என்ற நம்பிக்கை குறித்துச் சில வார்த்தைகள் எழுதத் தோன்றுகிறது.

சில மாதங்களுக்கு முன்னர் ஓர் அந்தியேட்டி வீட்டில் என் பழைய சக பத்திரிகையாளர் ஒருவரைச் சந்தித்தேன். வயது எழுபத்திரண்டு. பல்லாண்டுகளாக நாளுக்கு முக்கால் மணி நேரம் நடப்பவர். பாயில் அமர்ந்து உணவருந்தியபின் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரு இளைஞர்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டனர். "இவ்வளவு நடந்தும் ஏன் ஐசே இப்படி?" என்று மெல்லிய குரலில் கேட்டார். அக்கேள்விக்கான விடையைத் தேடியபோது அறிந்தவையே இவை.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1985 இல் அமெரிக்க ஆய்வாளர் கார்ல் காஸ்பர்சனும் சகாக்களும் மூன்று சொற்களை வேறுபடுத்திக் காட்டினர. தசைகள் இயங்கிச் சக்தி செலவாகும் எதுவும் உடலியக்கம்; வீடு கூட்டுவதும் அதில் அடங்கும். ஒரு நோக்குடன், திட்டமிட்டு, திரும்பத் திரும்பச் செய்வது உடற்பயிற்சி. இவற்றால் உடல் ஈட்டிக்கொள்ளும் ஆற்றலே உடற்தகைமை.

ஆரோக்கியத்தோடு தொடர்புடைய உடற்தகைமைக்கு ஐந்து கூறுகள் உண்டு. மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்காதிருப்பது இதய சுவாசத் தாங்குதிறன். அரிசி மூட்டையைத் தூக்க முடிவது தசை வலிமை. அதனைச் சுமந்துகொண்டு வீடு வரை வர முடிவது தசைத் தாங்குதிறன். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட முடிவது நெகிழ்வுத்தன்மை. உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பது உடற் கட்டமைப்பு. முதுமையில் இவற்றோடு உடற்சமநிலையும் முக்கியமாகிறது.

நடையின் சிறப்பு முதற் கூறிலேயே உள்ளது. 1953 இல் ஜெரமி மொரிஸ் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார். நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, இரட்டைத் தட்டு பஸ்களில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அத்தகைய லண்டன் பஸ்கள் பின்னர் கொழும்பு வீதிகளிலும் ஓடியதை என் தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் உடல் எதில் பழக்கப்படுகிறதோ அதிலேயே தேர்ச்சி பெறுகிறது. சமதரையில் நடக்கும்போது முழங்கால் அதிகம் மடங்குவதில்லை. தொடைத் தசைக்குப் பாரமும் போதாது. யாழ்ப்பாணத்தில் நம் முன்னோர் துலாவில் நீர் இறைத்தனர், உரலில் இடித்தனர், தரையில் அமர்ந்து எழுந்தனர். அவர்களுக்கு வலிமையும் நெகிழ்வும் வேலையோடு வேலையாகக் கிடைத்தன. நீர்ப்பம்பியும் கதிரையும் வந்தபின் அவற்றை நாமாகத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

காலம் கடந்துவிட்டதென்று எண்ண வேண்டியதில்லை. 1990 இல் மரியா ஃபியாட்டரோனும் குழுவினரும் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையானோருக்கு எட்டு வாரங்கள் பாரப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை நிறைவு செய்த ஒன்பது பேரின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் அதிகரித்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டலும் நடையோடு நிற்கவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான இயக்கம். குறைந்தது இரு நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. 65 வயதைக் கடந்தோருக்கு மூன்று நாட்களேனும் சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சி. பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்கினால் அது மிதமான இயக்கம்.

இதற்கு உடற்பயிற்சிக்கூடம் தேவையில்லை. உறுதியான கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து அமரலாம். சுவரில் கையூன்றித் தள்ளலாம். மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கலாம். மூச்சை அடக்காமல் செய்து, இலகுவானதும் சிறிது கூட்ட வேண்டும். கூட்டாவிடில் முன்னேற்றம் நின்றுவிடும், கைவிட்டால் பெற்றதும் போய்விடும். இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோர் வைத்தியரிடம் கேட்டபின் தொடங்குவது நல்லது.

மாலை வானொலிச் செய்தி கேட்கும் நேரத்தை நான் இதற்கென ஒதுக்கியுள்ளேன். தலைப்புச் செய்திகள் முடிவதற்குள் பத்துத் தடவை எழுந்து அமர்ந்துவிடலாம். இரவில் பிறரை எழுப்பாமல் கழிவறைக்குச் சென்று வருவதும், விழுந்தால் தானே எழுவதும் முதுமையில் சிறிய விடயங்களல்ல. அன்பர்களே, நடையைத் தொடருங்கள். நடந்து வந்தபின் கதிரையில் ஒரேயடியாக அமர்ந்துவிடாதீர்கள்.