ஆட்டம் முடிந்த பின்னர்

கடந்த ஆண்டு திருவருகைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. நம் பங்கின் இளைஞர் நால்வர் கோவில் முகப்பில் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு மலை எழுப்பிக்கொண்டிருந்தனர். மூங்கிற் சட்டத்தின்மேல் சாக்குகளை விரித்து மண் குழம்பைப் பூசியாயிற்று. அது காய்ந்தால்தான் வண்ணம் தீட்ட இயலும். காயும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லையாதலால், நமது அறைச் சன்னலுக்கு வெளியே உள்ள திண்ணையில் அமர்ந்து பேசத் தொடங்கினர். உள்ளே நாம் திருப்புகழ்மாலையைக் கையிலேந்தி அமர்ந்திருந்தோம். கண் நூலில் இருந்தது. செவி சன்னலில் இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை.

அவர்கள் பேசியது கணினி விளையாட்டுக்களைப் பற்றி. அண்மையில் யார் எந்த விளையாட்டை முடித்தார்கள், முடித்தபோது மனத்தில் என்ன நின்றது என்பதே பேச்சு.

இந்த இடத்தில் வாசக அன்பர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவ்வாண்டின் தவக்காலத்தில்தான் இவ்விளையாட்டுக்களை நாம் மறையுரையில் கடுமையாகச் சாடியிருந்தோம். சுடுவதும், இடிப்பதும், பொழுதைக் கொல்வதுமே அவற்றின் உள்ளடக்கம் என்று முழங்கினோம். அவற்றுள் ஒன்றையேனும் நாம் கண்ணால் கண்டதில்லை. மறையுரை முடிந்ததும் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். கல்லூரியில் பயிலும் தம் மகன் இரவெல்லாம் கணினியின் முன் அமர்ந்திருப்பதாகவும், கேட்டால் பதில் சொல்வதில்லை என்றும் கூறிக் கண்கலங்கினார். “பெட்டியை வாங்கிப் பூட்டி வையுங்கள்” என்றோம். அவ்வளவு எளிதாகத் தீர்ப்பு வழங்கினோம். அவரும் அவ்வாறே செய்தார். அதன் பிறகு அவ்விளைஞன் பாடகர் குழுவிற்கு வருவதை நிறுத்திக்கொண்டான். ஞாயிறு திருப்பலிக்குக் கடைசியில் வந்து நின்று, இறுதிப் பாடலுக்கு முன் போய்விடுவான். குடில் வேலைக்கு அன்று அவன் வந்திருந்ததும் நண்பர்கள் இழுத்து வந்ததனால்தான்.

முதலில் பேசியவள் நால்வருள் மூத்தவள். பட்டப்படிப்பை முடித்து அரசுத் தேர்வுக்குப் படிப்பவள். அவள் முடித்த விளையாட்டின் பெயர் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. லூகாஸ் போப் என்னும் அமெரிக்கர் தனியொருவராக உருவாக்கி 2013-இல் வெளியிட்டது. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில், 1982-ஆம் ஆண்டில், ஆடுபவர் ஒரு சோதனை அலுவலர். வருவோரின் கடவுச்சீட்டைப் பார்ப்பது, தேதியைச் சரிபார்ப்பது, முத்திரை குத்துவது, இவ்வளவே ஆட்டம். எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து அனுப்புகிறோமோ அதற்கேற்பக் கூலி. இரவில் அக்கூலியிலிருந்து வாடகை, உணவு, குளிர்காய எரிபொருள் அனைத்துக்கும் கொடுக்க வேண்டும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. ஒரு நாளில் முதலிரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை மட்டுமே, மூன்றாவதிலிருந்து அபராதம்.

ஒரு நாள் சாவடிக்கு ஒருவர் வருகிறார். அவருடைய தாள்கள் சரியாயிருக்கின்றன. அடுத்து வருபவள் தம் மனைவி என்றும், அவளிடம் இரக்கம் காட்டுங்கள் என்றும் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார். மனைவி வருகிறாள். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை.

“நான் அவங்கள திருப்பி அனுப்பிட்டேன்” என்றாள் அந்தப் பெண்.

திண்ணையில் யாரும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து ஒருவன், “நான் விட்டுட்டேன்” என்றான். “உனக்கு அன்னைக்கு அபராதம் இல்ல. எனக்கு ஏற்கெனவே ரெண்டு தப்பு ஆகியிருந்துச்சு. வீட்டுல பையனுக்கு உடம்பு சரியில்ல” என்று அவள் வாதாடினாள். வாதாடி முடித்த பின், “ஆனாலும் அனுப்பியிருக்கக் கூடாதுதான்” என்றாள்.

நமது கையிலிருந்த நூல் மடியில் இறங்கிற்று. குருமடத்தில் பயின்ற நாட்களில் நாமும் நாவல்களைப் படித்துவிட்டு உணவறையிலும் நடைபாதையிலும் மணிக்கணக்கில் வாதிட்டதுண்டு. கதைத் தலைவன் அவ்வாறு செய்தது முறையா, ஆசிரியர் அவளைச் சாகடித்திருக்க வேண்டுமா என்றெல்லாம் பேசினோம். எப்போதும் ‘அவன்’, ‘அவள்’ என்றே பேசினோம். இவர்களோ ‘நான்’ என்கிறார்கள். ஒரே விளையாட்டை முடித்த இருவர் ஒரே கதையைச் சொல்லவில்லை. அவரவர் செய்ததைச் சொல்கின்றனர். இந்த விளையாட்டுக்கு இருபது முடிவுகள் உண்டாம். எனவே, “நீ என்ன செய்தாய்?” என்பதே இவர்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்கும் கேள்வி.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்திருப்பவர்கள் நாம். அங்கே மக்களுக்கு மிகக் கடினமானது எது என்று கேட்டால், தன்மை ஒருமையில் பேசுவதுதான் என்போம். மாமியாரின் பாவங்களை மருமகளும், மருமகளின் பாவங்களை மாமியாரும் நமக்கு விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். தெருவிலுள்ளோர் பாவங்கள் பலவும் நமக்குத் தெரியும். அப்படியிருக்க, திரையில் மட்டுமே வாழும் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியதற்காக ஒருத்தி வருந்தி, கேட்பார் இன்றியே அதைச் சொல்லவும் செய்கிறாளே என்று வியந்தோம்.

இரண்டாமவன் முடித்தது ‘ஜர்னி’ என்ற விளையாட்டு. ஜெனோவா சென் என்பவர் தலைமையில் கலிபோர்னியாவில் உருவாகி 2012-இல் வெளிவந்தது. ஒரு பாலைவனம், தொலைவில் ஒரு மலை, அதை நோக்கி நடை. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வழியில் வேறு எங்கோ இருந்து ஆடும் ஒருவர் துணையாகச் சேரக்கூடும். அவர் பெயர் தெரியாது, நாடு தெரியாது. பேசவும் எழுதவும் வழியில்லை. ஓர் இசையொலி எழுப்பலாம், அவ்வளவுதான். பனிமலையில் இருவரும் ஒட்டி நின்றால் ஒருவருக்கொருவர் சக்தி ஊட்டலாம். எல்லாம் முடிந்த பின்னரே உடன் வந்தவரின் பெயர் திரையில் தோன்றும். இவ்விளையாட்டு வெளிவந்த காலத்தில், வழியில் பிரிய நேர்ந்த துணையிடம் மன்னிப்புக் கேட்டுப் பலர் பொதுவில் எழுதி வைத்தார்களாம். அழைப்பு மணி அடித்தது, எழுந்து போக வேண்டியதாயிற்று, உன்னைப் பனியில் விட்டுவிட்டேன் என்ற வகையில். உரியவர் அதை எந்நாளும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தே எழுதினார்கள். இதைச் சொன்னவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனினும், தன் துணையைத் தானும் தவறவிட்டதாகச் சொன்னபோது அவன் குரல் தாழ்ந்தது.

மூன்றாமவன் ஏதோ பந்தயக் கார் விளையாட்டைப் பற்றிச் சொன்னான். அது நமக்கு விளங்கவில்லை. நண்பர்களும் அவனை விரைவில் முடிக்கச் சொல்லிவிட்டனர்.

பிறகு அவ்விளைஞன் பேசினான். நாம் எவன் பெட்டியைப் பூட்டச் சொன்னோமோ, அவன்.

அவனுடைய ஆறு வயதுத் தங்கை இரத்தப் புற்றுநோயால் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் நிறைவடையவில்லை. அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். மறையுரையில் என்ன சொன்னோம் என்பது இன்று நம் நினைவில் இல்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொல்லியிருப்போம்.

அவன் முடித்த விளையாட்டின் பெயர் ‘தட் டிராகன், கேன்சர்’. அந்த வேதாளம், புற்றுநோய், என்று நம் மொழியில் சொல்லலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாழும் ரயன் கிரீன், ஏமி கிரீன் என்னும் கிறிஸ்தவத் தம்பதியர், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து உருவாக்கியது. அவர்களுடைய மகன் ஜோயலுக்கு ஒரு வயதிலேயே மூளையில் புற்று கண்டது. சில மாதங்களே வாழ்வான் என்றனர் மருத்துவர்கள். மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 2014 மார்ச்சில் இறந்தான். பிள்ளை உயிரோடிருக்கையிலேயே தொடங்கிய வேலை அது. இறந்த பின்னரும் விடாது முடித்து, அவனது ஏழாம் பிறந்த நாளான 2016 சனவரி 12 அன்று வெளியிட்டார்கள்.

“நான் யூடியூப்ல முழுசும் பார்த்திருக்கேன்” என்று கார் விளையாட்டுக்காரன் இடைமறித்தான். “பார்க்கிறது வேற” என்றான் அவன். யாரோ ஆடுவதைப் பதிவு செய்து வெளியிட, இலட்சக்கணக்கானோர் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டனராம். விற்பனையிலிருந்து தம் குழுவினர் கைக்கு இன்னும் ஒரு டாலரும் வந்து சேரவில்லை என்று 2016 மார்ச்சில் ரயன் கிரீன் எழுத நேர்ந்தது. பணத்தைக் குறித்து அவன் இதைச் சொல்லவில்லை. பார்ப்பவன் அழலாம், ஆடுபவனுக்குத்தான் கை ஓயும் என்பதற்காகச் சொன்னான்.

அதை விளக்குகையில்தான் அந்த இரவுகளின் பொருள் நமக்குப் புரிந்தது. ஒரு விளையாட்டை முடிக்க அவனுக்கு ஏழு இரவுகள் ஆயினவாம். அதன் மொத்த நீளமே இரண்டு மணி நேரந்தான். மருத்துவமனை அறைக்குள் வந்ததும் நிறுத்திவிடுவான். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவான். எட்டாம் நாள் பெட்டி பூட்டப்பட்டது. “அப்புறம் ஆறு மாசம் கழிச்சு மாமா வீட்டுல போய் முடிச்சேன்” என்றான். நம்மீது ஒரு சொல்லும் குறை கூறவில்லை. சன்னலுக்குப் பின்னால் நாம் இருப்பது அவனுக்குத் தெரியுமா என்பதை இன்றுவரை நாம் கேட்கவில்லை.

அன்றிரவு மலைக்கு வண்ணம் தீட்டி முடிந்து மற்றவர்கள் புறப்பட்டபோது, அவனை மட்டும் இருக்கச் சொன்னோம். மன்னிப்புக் கேட்பது குருக்களுக்குப் பழக்கமில்லாத செயல், வழங்கியே பழகிவிட்டோம். “தம்பி, உன் தாயாரிடம் அந்த யோசனையைச் சொன்னவர் யாமே. கேளாமல் சொல்லிவிட்டோம். பொறுத்துக்கொள்” என்றோம். அவன் தலையை ஆட்டினான். “நீங்களும் ஒரு தடவ ஆடிப் பாருங்க ஃபாதர்” என்றான்.

புத்தாண்டு கழிந்து ஒரு பிற்பகல், கணினியைப் பங்கு இல்லத்திற்கே கொண்டு வந்தான். சுட்டியைப் பிடிக்க நமக்கு அரை நாழிகை பயிற்சி தேவைப்பட்டது. பூங்காவில் வாத்துக்களுக்கு ரொட்டி போடுவதில் ஆட்டம் தொடங்குகிறது. பிறகு அந்த அறை. இரவு. தந்தையும் பிள்ளையும் மட்டும். பிள்ளை அழுகிறது, உடலில் நீரில்லை. பழச்சாறு கொடுத்தோம், வாந்தி எடுத்தான். தூக்கிக்கொண்டு நடந்தோம், அழுதான். தாலாட்டினோம், அழுதான். கட்டிலில் விட்டால் தலையை மோதிக்கொண்டான். திரையில் தொடக்கூடியவை எல்லாவற்றையும் தொட்டோம், மீண்டும் தொட்டோம். “அடுத்து எதை அழுத்த வேண்டும்?” என்று அவனைக் கேட்டோம்.

“ஒண்ணும் இல்ல ஃபாதர். அங்க ஒண்ணும் பண்ண முடியாது.”

இறுதியில் அத்தந்தை செபிக்கிறார், பிள்ளை உறங்குகிறது. அது அவர்கள் வாழ்வில் உண்மையில் நிகழ்ந்த ஓர் இரவு. ஆனால் அந்தச் செபத்தை அடையும் வரை நாம் சுட்டியை எத்தனை முறை அழுத்தினோம் என்பதை நாமே அறிவோம். எத்தனையோ மருத்துவமனைப் படுக்கைகளின் அருகே நின்றிருக்கிறோம். சென்றவுடன் செபத்தைத் தொடங்கி, முடித்தவுடன் வெளியே வந்திருக்கிறோம். அதற்கு முந்திய பகுதியில் நாம் ஒருநாளும் இருந்ததில்லை.

அவ்விளையாட்டில் இன்னோரிடம் உண்டு. மருத்துவமனையின் ஒரு தளம் முழுவதும் வாழ்த்து அட்டைகள் பரப்பப்பட்டிருக்கும். தம் அன்பர்களைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த உண்மையான மனிதர்கள் எழுதியனுப்பியவை அவை. ஒவ்வொன்றையும் எடுத்துப் படிக்கலாம். இளைஞன் அவற்றை முன்னரே படித்திருந்தான். நமக்காக மீண்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். சிலவற்றில் குரல் தடுக்கியது. நாம் அவசரப்படுத்தவில்லை. மாலைச் செபமாலைக்கு மணியடிக்கக் கோவில்பிள்ளை வந்து நின்றும், சற்றுப் பொறுக்கச் சொன்னோம்.

பாசுகாவிற்குப் பின் அவர்கள் வீட்டை மந்திரிக்கச் சென்றோம். கணினி இப்போது கூடத்து மேசைமீதே இருந்தது. அவன் வேறொரு விளையாட்டைத் தொடங்கியிருந்தான். ‘வெண்பா’ என்பது அதன் பெயர். டொரண்டோ நகரத் தமிழ் இளைஞர் ஒருவரின் தலைமையில் ‘விசை’ என்னும் குழு உருவாக்கி 2023-இல் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்கு அறிமுக விளையாட்டுக்குரிய பரிசை வழங்கியது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்னும் தம்பதியர், அங்கே வளர்ந்து தமிழையும் தமிழ்ச் சோற்றையும் விட்டு விலகும் மகன் கவின், இவர்களின் கதை. தாயின் தாய் எழுதி வைத்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கும். அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம்.

நாம் தீர்த்தம் தெளித்து முடித்து அமர்ந்திருந்தோம். திரையில் ஓர் இட்டிலிப் பாத்திரம். தட்டுக்களை எப்படி அடுக்குவது என்ற வரி குறிப்பேட்டில் அழிந்திருந்தது. அவன் அடுக்கினான், தவறு என்றது. மறுபடியும் தவறு. காப்பியோடு வந்த தாயார், சட்டென்று டம்ளரை நம் கையில் கொடுத்துவிட்டு, மகனின் தோள்வழியே குனிந்தார்.

“குழிக்கு மேல குழி வரக்கூடாதுடா. தட்டைக் கொஞ்சம் திருப்பி வை.”

திருப்பி வைத்தான்.

“ஆங். இப்ப ஆவி ஏறும்” என்றவர், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் அருகில் அமர்ந்தார். “அடுத்தது என்ன பண்ணப் போறா இவ?”